‘மட்டும்’ என்ற ஒரு சொல்

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பாவுக்கு இருதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று எர்ணாகுளத்து டாக்டர் நாள் குறித்துவிட்டிருந்தார். அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரு ‘மாட்டேன்’ எங்கள் குடும்பத்தையே உலுக்கிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால், நான் எப்படி அந்த இடத்துக்கு வந்து நின்றேன் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பல தலைமுறைக்கு முன்பே திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம். பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம்தான். தமிழ் எழுத்து அம்மா கைபிடித்து எழுதவைத்தது. அதனால் இதில் எங்காவது தமிழ் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிறிய மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் செயலாளர். நான் ஒரே பெண்.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது என் வேலையும் போயிற்று. அதைவிட மோசமாக, அந்தக் கடைசி மாதங்களில் எனக்கு ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்துப்போகப் போகிறேன் என்று தோன்றும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஜூ டவுனில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் வேலை கிடைத்தது. பொருள்களைப் படமெடுத்து, இரண்டு வரி எழுதி, இணையத்தில் ஏற்றும் வேலை.

மனசு சரியில்லை என்று சொல்லிப் பாருங்கள், உலகமே ஆளுக்கொரு மருந்தோடு வந்து நிற்கும். என் போனில் தியானத்துக்கு ஒரு ஆப், மூச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆப், தூங்குவதற்கு ஒரு ஆப். பெங்களூர்த் தோழி ஒருத்தி பேசாமல் உட்காரும் முகாமுக்கு அனுப்பினாள். அத்தை ராசிக்கல் மோதிரம் வாங்கிப் போட்டாள். யாரோ அனுப்பிய சொற்பொழிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டே நடப்பேன். கடையில் கூட வேலை பார்த்த சேச்சி ஒரு நாள் தர்காவுக்குக் கூட்டிப்போனார், இன்னொரு நாள் மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு பள்ளிக்குக் கூட்டிப்போனார். சர்ச்சுக்கு இங்கே பள்ளி என்றுதான் பெயர். மட்டாஞ்சேரி வேறு அப்படிப்பட்ட ஊர். எங்கள் தெருவில் நின்றால் பாங்கு கேட்கும், கொங்கணிக்காரர் கோயில் மணி கேட்கும், கொஞ்ச தூரம் நடந்தால் ஜைனக் கோயிலில் புறாக்களுக்குத் தானியம் தூவுகிறவர்களைப் பார்க்கலாம். இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் தந்த மாத்திரையும் உதவத்தான் செய்தது. ஆனால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தேன். பிடிக்காவிட்டால் அடுத்தது. அடுத்தது எப்போதும் தயாராக இருந்தது.

ஒரு சாயங்காலம் எர்ணாகுளத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றுவிட்டன. பஸ்ஸுக்குள் கால் வைக்க இடமில்லை. மழைக்காக ஜன்னல் ஷட்டரெல்லாம் இறக்கியிருந்தார்கள். எனக்கு அந்தப் பயம் ஆரம்பித்துவிட்டது. தோப்பும்படி வந்ததும், என் ஸ்டாப் இல்லை என்று தெரிந்தும், ஆட்களைத் தள்ளிக்கொண்டு கீழே குதித்து, மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். கைவிரலெல்லாம் விறைத்துப் போயிருந்தது.

பின்னாலேயே ஒரு பெண் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். தோளில் பை, டியூட்டி முடிந்து வருகிற களைப்பு. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மலையாளத்தில் ஏதோ கேட்டார். நான் “முடியல” என்று தமிழில் சொன்னதும் அவரும் தமிழுக்கு மாறிவிட்டார்.

“ஒண்ணுமில்ல. இது வந்த மாதிரியே போவும். நான் நர்ஸ்தான், கேட்டேளா. என்கூட மெதுவா மூச்சு விடுங்க.”

அப்படியே உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் கடையில் சோடா நாரங்கா, உப்புப் போட்ட எலுமிச்சை சோடா, வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒரு ஆட்டோ பிடித்து, என்னை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

“உங்க ஸ்டாப் தோப்பும்படி இல்லையே?” என்று கேட்டேன்.

“இல்ல, எனக்கு இன்னும் தள்ளிப் போணும். நீங்க எறங்கினத பாத்து எறங்கினேன்.”

“எனக்காகவா? என்னைத் தெரியவே தெரியாதே.”

அவர் சொன்னார்: “எனக்காகவும் ஒருத்தரு எறங்கி வந்திருக்காரு. அத நெனச்சா இதெல்லாம் ஒரு காரியமா?” அவ்வளவுதான். அதே ஆட்டோவில் போய்விட்டார்.

யார் இறங்கி வந்தார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டு நாள் கழித்துதான் அவர் இயேசுவைச் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது. அதற்குள், அன்று வாசலுக்கு வந்து அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்திருந்த அம்மா, அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மார்த்தாண்டத்துக்காரி, எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, ஹாஸ்டல் வாசம். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவர் என்னை எங்கும் கூப்பிடவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இயேசுவைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். முதலில் இதுவும் என் போனில் இன்னொரு ஆப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாசிக்க வாசிக்க ஒரு சங்கடம் வந்தது. மற்ற எல்லாம் உனக்கு என்ன வேண்டும், எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்று என்னையே கேட்டன. இவர் என்னிடம் பின்னால் வா என்றார். நிம்மதி தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரையும் சில வாரம் ருசி பார்த்திருப்பேன். பகைத்தவரை நேசி, இருப்பதைப் பகிர், உன் சிலுவையைத் தூக்கு என்றெல்லாம் சொல்கிறவரை ருசி பார்த்துவிட்டு நகர முடியவில்லை. ஒன்று, அவரை நம்பி அவர் சொல்கிறபடி நடக்க வேண்டும். இல்லையென்றால் நேர்மையாக விட்டுவிட வேண்டும்.

மட்டாஞ்சேரியிலேயே ஒரு வாடகை ஹாலில் தமிழில் ஆராதனை நடப்பது தெரிந்து போனேன். ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், காய்கறி விற்கிற அக்காக்கள். பாட்டு கொஞ்சம் சுருதி விலகித்தான் இருந்தது. எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைத் தேடியிருந்தால் நிச்சயம் அந்த ஹாலுக்குள் போயிருக்க மாட்டேன். ஆனால் அடுத்த வாரமும் போனேன். பயம் முழுதாகப் போகவில்லை. மாத்திரையும் நிற்கவில்லை. இருந்தும் போனேன். ஒரு கட்டத்தில், ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று நானே போய்ப் போதகரிடம் சொன்னேன். அவர் உடனே சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். “அவசரப்படாதம்மா. முதல்ல வீட்ல பேசு. ஒளிச்சு வெச்சு எதுவும் செய்யாதே” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டில் பேசினேன். அப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அம்மா கப்பைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் முதலில் பதில் சொன்னார். “அதுக்கென்ன? அவர் படத்தையும் பூஜை ரூம்ல வெச்சுக்கோ. வேளாங்கண்ணிக்கு நாமளும் போயிருக்கோமே. இங்க ஆரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

“அப்படியில்லம்மா. நான் யாரையும் குறை சொல்லல. ஆனா இனி நான் கும்பிடறது அவரை மட்டும்தான்.”

அப்பா பேப்பரை மடித்தார். “மட்டும்னா?”

“மட்டும்தான்ப்பா.”

அந்த ஒரு சொல்தான் பிரச்சினை. இயேசுவைச் சேர்த்துக்கொள்வதில் எங்கள் வீட்டில் யாருக்கும் கஷ்டமில்லை. கடையில், தோழிகளிடம், உறவில், எல்லோருமே ‘சேர்த்துக்கொள், நல்லதுதானே’ என்றுதான் சொன்னார்கள். ‘மட்டும்’ என்றதும் முகம் மாறிவிட்டது. எத்தனையோ கதவுகள் திறந்திருக்கும்போது ஒன்றுக்குள் போய் மற்றதைச் சாத்துவது அவர்களுக்கு ஆணவமாகத் தெரிந்தது. அவர்கள் பக்கமும் எனக்குப் புரிந்தது. தங்கள் வீட்டுப் பூஜையறையில் விளக்கேற்ற வேண்டிய ஒரே மகள், நான் வரமாட்டேன் என்றால் வலிக்காதா?

அப்பா கத்தவில்லை. “நீ சின்னக் குட்டியில்ல. நான் தடுக்கப் போறதில்ல. பின்னே, எனக்கு இஷ்டமில்ல. அதை நீ தெரிஞ்சுக்கோ” என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவது குறைந்துபோயிற்று. சாயா கொண்டுபோய் வைத்தால் குடிப்பார். டிவி ரிமோட் எங்கே என்று கேட்பார். அவ்வளவுதான். அப்பா மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று ஞானஸ்நானத்தை நானும் தள்ளிவைத்திருந்தேன். அப்போதுதான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பரிசோதனை செய்து, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள்.

மறுநாள் அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அம்மாவும் அவளும் சமையலறையில் ஏதோ பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வரும் வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்காக எடுக்க வேண்டியது நான்.

“ஒரே ஒரு நாள் மோளே” என்றாள் அத்தை. “குடத்தைத் தலையில வெச்சு கோயில் வரைக்கும் நடந்தா போதும். மனசுல நீ யாரை வேணா நெனச்சுக்கோ. உங்க இயேசு இதுக்குப் போய்க் கோபிப்பாரா?”

கோபிப்பார் என்று நான் நினைக்கவில்லை. குடத்தைத் தூக்கி நடந்துவிட்டு, மனசுக்குள் வேறு பெயரைச் சொல்லிக்கொள்வது சுலபம்தான். ஊருக்கும் திருப்தி, அம்மாவுக்கும் நிம்மதி. ஆனால் அது இரண்டு பக்கமும் பொய். அம்மனை நம்பிக் குடம் எடுக்கிறவர்களுக்கு நடுவில் நான் ஒரு நடிகையாக நடக்க வேண்டும். அவர்கள் நம்பிக்கையை அதைவிடக் கேவலப்படுத்த முடியாது. என் நம்பிக்கையும் கஷ்டம் வந்தால் கழற்றி வைக்கிற மோதிரமாகிவிடும்.

“அத்தை, என்னால முடியாது. வேற என்ன வேணா சொல்லுங்க, செய்யறேன். ஆஸ்பத்திரியில நானே கூட இருக்கேன். வேலைக்கு லீவு சொல்லிட்டேன். இது மட்டும் மாட்டேன்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்பாக்கு ஏதாவது ஆச்சுன்னா?” என்றார். “நாளைக்கு உன்னால இதைத் தாங்க முடியுமா?”

அந்தக் கேள்வியோடு பழைய பயமும் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “தாங்க முடியாதும்மா. ஆனாலும் மாட்டேன்” என்றேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், அம்மா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பதில் அவரே குடம் எடுக்கப் போகிறார். அம்மாவுக்கு முழங்காலில் தேய்மானம். மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

“நீ எதுக்கு வர்ற?” என்றார்.

“உங்களோட நடக்கத்தான்.”

மேளம் முன்னால் போயிற்று. மிளகு, இஞ்சி கிடங்குகள் இருக்கும் தெருவழியாகக் கோயிலுக்குப் போக வேண்டும். லாரிகளை ஓரம் கட்டி வழிவிட்டார்கள். சுமை இறக்குகிற சேட்டன்மார் சாக்குகளை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எல்லாப் பெண்களும் மஞ்சளில் இருக்க, நான் ஒருத்தி மட்டும் நீலச் சுடிதாரில் குடை பிடித்துக்கொண்டு போனேன். பார்வைகளைச் சொல்ல வேண்டியதில்லை. செயலாளரின் மகள் அல்லவா?

கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. அங்கே ஓடையின் மேல் போட்டிருந்த கல் பாசி பிடித்துக் கிடந்தது. அம்மாவின் கால் வழுக்கியது. ஒரு கணம்தான். குடையைப் போட்டுவிட்டு ஒரு கையால் அம்மாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். இன்னொரு கை தானாகவே தலைக்கு மேல் போய்ச் சாய்ந்த குடத்தைத் தாங்கிவிட்டது. கொஞ்சம் பால் என் தோளில் சிந்தியது. குடம் விழவில்லை. அம்மாவும் விழவில்லை.

கோயில் கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் பின்னாலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பாத்தியா, கடைசில மாரியம்மா அவளைத் தொட வெச்சுட்டா.”

சிலர் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. ஆனால் பதில் சொல்வது கஷ்டமாக இல்லை. “எங்கம்மா வழுக்கினாங்க. அவங்களைப் பிடிச்சேன்” என்றேன். அம்மாவைப் பிடித்த பிடியை விடாமல் கோயில் வாசல் வரை அப்படியே நடந்தேன். வாசலில் நின்றுகொண்டேன். அம்மா உள்ளே போனார்.

அந்த வாசலில் நின்று, மழையில் நனைந்துகொண்டே, அப்பாவுக்காக என் இயேசுவிடம் வேண்டிக்கொண்டேன். உள்ளே அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே மனிதருக்காகத்தான் அழுதோம் என்பது எனக்கு அப்போது ஒரு ஆறுதல். திரும்பும்போது அம்மா முகம் கொடுக்கவில்லை. என் கையைத் தட்டிவிடவும் இல்லை.

இங்கேயே அப்பா பிழைத்து, எல்லோரும் மனம் மாறினார்கள் என்று முடித்தால் நன்றாக இருக்கும். நடந்தது அப்படியில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கும் மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. நெஞ்சில் தையல் போட்ட இடத்தில் சீழ் கட்டியிருக்கிறது, தொற்று பரவுகிறது என்றார்கள். மறுபடியும் ஐ.சி.யு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகளில் அம்மா ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அத்தை.

“எடுக்க வேண்டியவ எடுத்திருந்தா இது வந்திருக்குமா?” என்றாள் அத்தை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கதவைப் பார்த்துச் சொன்னாள். அவள் கெட்டவளில்லை. தம்பி சாகக் கிடக்கிறான் என்ற பயம் அப்படிப் பேசவைத்தது. ஆனால் அம்மா “அப்படிச் சொல்லாதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

எழுந்து மாடிப்படிப் பக்கம் போய் நின்றேன். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு அரை மணி நேரம் வந்ததில்லை. ஒரு வாக்கியம் போதும். ‘அம்மா, நான் எல்லாத்தையும் விட்டுடறேன், அப்பா எழுந்ததும் பால்குடம் எடுக்கறேன்’ என்று சொன்னால் போதும். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுவார். அப்பா போய்விட்டாலும் பழி என்மேல் வராது. ஒருவேளை அத்தை சொல்வதுதான் சரியோ என்றும் தோன்றியது. அந்த நிமிடம் இயேசு எனக்கு ரொம்பத் தூரத்தில் இருந்தார். எந்தக் குரலும் கேட்கவில்லை, எந்த வெளிச்சமும் வரவில்லை. கீழே ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது ஒன்று தெளிவாயிற்று. அப்பா பிழைத்தால் இயேசுவை வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்றால், நான் இன்னும் ருசி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தன் வேதனையில் ஓடிப்போகாமல் நின்றவரை நம்புகிறேன் என்றுதானே சொன்னேன்? அப்படியானால் என் வேதனையில் நானும் நிற்க வேண்டும். வாய்விட்டே சொன்னேன்: “அப்பாவைக் காப்பாத்துங்க. கெஞ்சிக் கேக்கறேன். காப்பாத்தலைன்னாலும் நான் போக மாட்டேன்.” சொல்லி முடித்தபோது அழுகை வந்தது.

நர்ஸ் தோழிக்குப் போன் செய்தேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. “நான் வாறேன்” என்று வைத்துவிட்டார். டியூட்டி முடிந்து, ஒரு தூக்கில் கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வராமல் நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்து, தட்டில் ஊற்றிக் கொடுத்தார். அப்பாவுக்கு எதற்காக அந்தக் குழாய், என்ன மருந்து ஏறுகிறது, எது குறைந்தால் நல்லது என்று டாக்டர்கள் அவசரத்தில் சொல்லாததையெல்லாம் நிதானமாக விளக்கினார். அத்தையும் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

கஞ்சியைக் குடித்துவிட்டு அம்மா கேட்டார்: “நீதானே என் பொண்ணை மாத்தினது?”

“அய்யோ இல்லம்மா. நான் பஸ்ஸுலேருந்து எறங்குனேன், அவ்வளவுதான்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். தட்டில் மிச்சமிருந்த கஞ்சியை என் பக்கம் நீட்டி, “நீயும் ஒண்ணும் சாப்பிடல. குடி” என்றார்.

அப்பாவுக்குக் காய்ச்சல் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. மீண்டும் தையல் பிரித்துச் சுத்தம் செய்து, மருந்து மாற்றி, இளைத்துத் துரும்பாகி ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார். அம்மன் காப்பாற்றினாள் என்று அம்மா சொன்னார். அதை நான் மறுத்துப் பேசப் போகவில்லை. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், சொன்னேன்.

புண்ணைத் துடைத்துக் கட்டுவது, குளிக்க வைப்பது, காலையிலும் சாயங்காலமும் முன்னறையில் நடக்க வைப்பது எல்லாம் நான்தான். ஒரு மத்தியானம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தபோது அப்பாவே ஆரம்பித்தார்.

“அக்கா எல்லாத்தையும் சொன்னா.”

“ம்.”

“நீ குடம் எடுத்திருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். கள்ளம் சொல்லக் கூடாதில்ல.”

ஜன்னல் வரை போய்த் திரும்பினோம். மூச்சு வாங்க நின்றார்.

“பின்னே, அதுக்கப்புறம் நீ சொல்ற ஒண்ணையும் நான் விசுவசிச்சிருக்க மாட்டேன். பேடிச்சுப் பயந்தா மாறிக்கிற ஆளுன்னு நெனச்சிருப்பேன்.” மறுபடி நடக்க ஆரம்பித்தார். “எனக்கு இப்பவும் இது இஷ்டமில்ல, கேட்டியா? அது வேற காரியம்.”

“தெரியும்ப்பா.”

“எப்ப எடுக்கப் போறே, அந்த ஸ்நானம்?”

“நீங்க நல்லா நடக்க ஆரம்பிச்சதும்.”

“அப்ப நட” என்று என் தோளை லேசாகத் தட்டினார்.

மழைக்காலம் முடிந்த பிறகு, சபை கூடும் ஹாலின் பின்புறத்துச் சிமென்ட் தொட்டியில் எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. அப்பா வரவில்லை. அம்மாவும் வரவில்லை. வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. தோழி என் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வந்து சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் தோன்றியது.

ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். மேலும் கீழும் பார்த்தார். “ஈரத்தோட நிக்காதே, பனி பிடிக்கும். போய்த் தலையைத் துவட்டு” என்றார். பனி என்றால் எங்கள் ஊரில் காய்ச்சல். உள்ளே அம்மா சோறு எடுத்து வைத்திருந்தார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இன்றும் வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைக் கோயில் வாசல் வரை கொண்டுபோய் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போகிறேன். பயம் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அத்தை இன்னும் எனக்காக நேர்ந்துகொள்கிறாள், நானும் அவளுக்காக வேண்டிக்கொள்கிறேன். இத்தனை வழி திறந்து கிடக்கும்போது எதற்காக ஒன்றிலேயே போய் நின்றாய் என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த நாள்களில் என்னைத் தவிர வேறு யாரையும் தாங்க எனக்குத் தெரியவில்லை, ஒருவரிடம் உறுதியாக நின்ற பிறகுதான் என்னோடு ஒத்துப்போகாதவர்களையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் பலம் எனக்கு வந்தது என்பதே நான் இன்றுவரை அவர்களுக்குச் சொல்லும் பதில்.